சமஸ்கிருத வகுப்புக்கு ஆசிரியர் இல்லை: பெற்றோர் என்ன செய்யலாம்?

கேள்வி: நாங்கள் டெல்லி மயூர் விகாரில் வசிக்கும் தமிழ்க் குடும்பம். மகள் டெல்லி அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். மூன்றாம் மொழியாக சமஸ்கிருதத்தை அவளே விரும்பி எடுத்தாள். ஏப்ரலில் ஆசிரியை மாற்றலாகிப் போனார், பதிலுக்கு யாரும் வரவில்லை. அந்தப் பீரியடில் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். 'நதீ, நத்யௌ, நத்யஹ' என்று 'நதி' என்ற சொல்லின் வடிவங்களை எழுதிய பக்கத்தோடு அவள் நோட்டு நின்றுவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் சமஸ்கிருதமே கிடையாது, தொழிற்கல்விப் பாடம்தான் என்று பள்ளியில் வாய்மொழியாகச் சொல்கிறார்கள். சமஸ்கிருதத்தைக் காப்பது அரசின் கடமை என்று வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் அந்தத் தலைப்பில் போட்டால் தோற்கத்தான் வாய்ப்பு அதிகம். உங்கள் கையில் அதைவிட வலுவான வழக்கு இருக்கிறது.

முதலில் உங்களுக்குச் சாதகமான தீர்ப்பு. சந்தோஷ்குமார் வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம், சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் சமஸ்கிருதத்தை விருப்பப் பாடமாகச் சேர்க்க வேண்டும், அது மதச்சார்பின்மைக்கு விரோதமாகாது என்று சொன்னது. மூன்று மாதத்துக்குள் சேர்க்கச் சொல்லி உத்தரவும் போட்டது. அந்தத் தீர்ப்பின் தொடக்கத்தில் ஒரு கதை வரும். போர்க்காலத்தில் ஒரு பேராசிரியர் அமைதியாகப் படித்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் ஜெர்மானியரோடு போராடுகிறோம், நீங்கள் இப்படி உட்கார்ந்திருக்கிறீர்களே என்று ஒரு சிப்பாய் கோபப்படுகிறான். நீ எதற்காகப் போராடுகிறாய் என்று அவர் கேட்கிறார். கேட்டுக்கொண்டே போனதில் நாட்டின் பண்பாட்டுக்காகவும்தான் என்று அவன் ஒப்புக்கொள்ள, அந்தப் பண்பாட்டுக்குத்தான் நானும் என் பங்கைச் செய்கிறேன் என்கிறார். எத்தனை முறை படித்தாலும் எனக்குப் பிடித்த பகுதி இது.

ஆனால் அந்த உத்தரவு சிபிஎஸ்இ வாரியத்துக்கு. பட்டியலில் பாடம் இருக்க வேண்டும் என்றதே தவிர, ஒவ்வொரு பள்ளியும் வகுப்பு நடத்தியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. தேசியக் கல்விக் கொள்கை 2020 எல்லா நிலையிலும் சமஸ்கிருதத்தை விருப்பமாக வழங்குவோம் என்கிறது. அது கொள்கை, சட்டமல்ல. அந்தக் கொள்கையை ஏற்கும்படி மாநிலங்களை நேரடியாகக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மொழிச் சிறுபான்மை உரிமையையும் இழுக்காதீர்கள். உங்கள் வீட்டு மொழி தமிழ், அந்த வாதம் இங்கே ஒட்டாது.

சரி, வலுவான வழக்கு எது? காலியாகக் கிடக்கும் ஆசிரியர் பணியிடம்.

மகள் எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் வருகிறாள். அதன் 8-ஆம் பிரிவு தரமான தொடக்கக் கல்வியை அரசின் கடமையாக்குகிறது. அரசுப் பள்ளியில் காலியிடம், அனுமதிக்கப்பட்ட மொத்தப் பணியிடங்களில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது 26-ஆம் பிரிவு. இதில் ஒரு சிக்கல் உண்டு, இப்போதே சொல்லிவிடுகிறேன். 40 பணியிடம் உள்ள பள்ளியில் 4 வரை காலி இருக்கலாம். அந்தச் சட்டத்தின் இணைப்பு அட்டவணையும் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு 'மொழிகள்' என்று பொதுவாகத்தான் ஆசிரியர் கேட்கிறது. இந்தி ஆசிரியர் இருக்கிறாரே என்று துறை பதில் சொல்லும். அப்போது நீங்கள் கேட்க வேண்டியது: பாடத்தைக் கொடுத்து, பிள்ளைகளைச் சேர்த்து, கால அட்டவணையில் பீரியடும் போட்டுவிட்டு, ஆளில்லாமல் விடுவது எந்த வகையில் நியாயம்? சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்னும் அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவு இங்கேதான் கைகொடுக்கும். உருதுவோ பஞ்சாபியோ எடுத்த பிள்ளைக்கும் இதே வாதம் அப்படியே பொருந்தும். அந்த வகுப்பிலும் ஆசிரியர் இல்லை என்றால் அந்தப் பெற்றோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மனு இன்னும் கனமாகும்.

இதற்கு ஆவணம் வேண்டும். கல்வி இயக்குநரகத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள், இந்தியிலோ ஆங்கிலத்திலோ. பள்ளியின் மொத்தப் பணியிடம், காலியிடம். சமஸ்கிருதப் பணியிடம் உண்டா, எந்தத் தேதியிலிருந்து காலி. மூன்று ஆண்டுகளில் அந்தப் பாடம் எடுத்த மாணவர் எண்ணிக்கை. வகுப்பின் கால அட்டவணை நகல். ஒன்பதில் பாடத்தை நிறுத்திய உத்தரவின் நகல். 'ஏன் நிரப்பவில்லை' என்று கேட்காதீர்கள், கோப்பில் இருப்பதைத்தான் தருவார்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

அந்த 30 நாளும் சும்மா இருக்க வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். இந்தக் காலியிடத்தைப் பற்றி ஒரு தீர்மானம் போட வையுங்கள். தீர்மானத்தோடு மாவட்டக் கல்வித் துணை இயக்குநருக்கு எழுத்து மனு கொடுத்து, பெற்றதற்கு முத்திரை வாங்குங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்புக்கும் புகார் தரலாம். மூன்று மாதத்தில் முடிவெடுக்க வேண்டும், அப்புறம் மேல்முறையீடு குழந்தை உரிமை ஆணையத்துக்கு.

ஒன்பதாம் வகுப்பு விஷயத்தில் உங்கள் கை தளர்வுதான். கட்டாயக் கல்வி உரிமை எட்டோடு முடிகிறது. வாய்ச்சொல்லை எதிர்த்து வழக்கும் போட முடியாது, எழுத்தில் வாங்குங்கள். ஒன்பதில் சிபிஎஸ்இ-யில் பதியும் பாடங்களே பத்தாம் வகுப்புத் தேர்வுக்கும் வரும் என்பதால் எட்டாம் வகுப்பு நடக்கும்போதே, விரும்பும் மாணவர் பட்டியலைக் கையெழுத்தோடு கொடுத்துவிடுங்கள். பத்துப் பதினைந்து பெயர் இருந்தால் பள்ளி தட்டிக்கழிப்பது கடினம்.

எதற்கும் அசையவில்லை என்றால் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் டெல்லி உயர் நீதிமன்றம். மனு மகள் பெயரில், அம்மா காப்பாளராக இருக்கட்டும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்றச் சட்டப் பணிக் குழுவில் வக்கீல் கிடைப்பார்.

மனுவோடு அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தையும் நகலெடுத்து வையுங்கள், தேதி தெரிகிற மாதிரி.