நிறத்துக்கு முன் இருளும் ஒளியும்: ஓவியம் குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: ஓவியத்தின் அடிப்படைக் கூறுகள் ஏழு என்று ஒரு பாடநூலும், ஆறு என்று மற்றொன்றும் கூறுகின்றன. அமைப்பு நெறிகளின் எண்ணிக்கையும் நூலுக்கு நூல் வேறுபடுகிறது. எந்தப் பட்டியலை மனப்பாடம் செய்வது?

பதில்: எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கோடு, தட்டை வடிவம், கன உருவம், வெளி, நிறம், இருள்-ஒளி அளவு, மேற்பரப்பின் தன்மை ஆகிய ஏழும் பெரும்பாலான நூல்களில் கூறுகளாகச் சொல்லப்படுபவை. வடிவத்தையும் உருவத்தையும் ஒன்றாக எண்ணுவோருக்கு அவை ஆறாகிவிடும். புள்ளியைத் தனியே சேர்ப்போருக்கு எட்டாகும். சமநிலை, முரண், அழுத்தம், லயம், விகிதம், ஒருமை போன்றவை நெறிகள். தாளில் கண்ணுக்குத் தெரிபவை கூறுகள் என்றும், அவை ஒன்றோடொன்று கொண்டுள்ள உறவுக்கு நாம் இடும் பெயர்கள் நெறிகள் என்றும் புரிந்துகொண்டால் போதும். ஒரு கோட்டை விரலால் தொட்டுக் காட்டிவிடலாம். சமநிலையைக் காட்ட முயன்றால் விரல் படம் முழுவதும் அலைய வேண்டியிருக்கும்.

பட்டியல்கள் கற்பிப்பதற்காக வகுத்துக்கொள்ளப்பட்டவை. சீனாவில் 6ஆம் நூற்றாண்டில் ஓவிய விமர்சகர் ஷியே ஹே ஆறு நெறிகளைச் சொன்னபோது உயிர்த்துடிப்பை முதலாவதாக வைத்தார். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் கற்பித்த ஓவியர் கான்டின்ஸ்கி, 1926இல் புள்ளி, கோடு, தளம் என்று தொடங்கினார். அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆர்தர் வெஸ்லி டவ், 1899இல் கோடு, இருள்-ஒளி அமைப்பு, நிறம் என்ற மூன்றையே அடிப்படையாகக் கொண்டார். கற்கத் தொடங்குவோருக்கு நான் பரிந்துரைப்பது டவ்வின் வரிசையைத்தான். இருளையும் ஒளியையும் நிறத்துக்கு முன்னால் நிறுத்திய வரிசை அது. அதன் அருமை அடுத்த வாசகரின் கேள்வியிலேயே தெரிகிறது.

கேள்வி: நிறங்களை மிகக் கவனமாகத் தேர்ந்தெடுக்கிறேன். ஆயினும் முடித்த படம் தட்டையாகவும் உயிரற்றும் தெரிகிறது. நிறக் கலவையில் தவறு செய்கிறேனா?

பதில்: தவறு பெரும்பாலும் நிறத்தில் இராது. அமெரிக்க ஓவியர் ஆல்பர்ட் மன்செல் 1905இல் வெளியிட்ட நிற வகைப்பாட்டு முறையின்படி, ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்று பண்புகள் உண்டு: அது சிவப்பா நீலமா என்ற வகை, அது எவ்வளவு வெளிர்ந்தது அல்லது இருண்டது என்ற அளவு, அது எவ்வளவு செறிந்தது அல்லது மங்கியது என்ற நிலை. தொடக்க நிலையில் இருப்போர் முதல் பண்பிலேயே கருத்தைச் செலுத்தி இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். சிவப்பும் பச்சையும் முற்றிலும் வேறானவை என்று நம்பி அருகருகே தீட்டுகிறோம். இரண்டும் ஒரே அளவு இருண்டவையாக இருந்தால், கண் அவற்றுக்கிடையே ஆழத்தையோ விளிம்பையோ உறுதியாகப் பற்ற முடியாமல் தடுமாறுகிறது.

உங்கள் படத்தைக் கைபேசியில் எடுத்து, நிறத்தை நீக்கிக் கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பல் பரப்பாகத் தெரிந்தால் நோய் எதுவென்று தெரிந்துவிட்டது. கண்களைப் பாதி மூடிப் பார்ப்பதும் ஏறக்குறைய இதே பயனைத் தரும்.

டச்சு ஓவியர் வெர்மீர் 1665ஆம் ஆண்டையொட்டித் தீட்டிய முத்துத் தோடு அணிந்த பெண்ணின் ஓவியத்தில், அந்த முத்துக்கு முழுமையான புறக்கோடே கிடையாது. மேலே ஒரு வெண்ணிறத் தீற்றல், கீழே வெள்ளைக் கழுத்துப்பட்டையின் மென்மையான எதிரொளி, இடையில் கழுத்தின் நிழல், அவ்வளவுதான். உருண்டையும் பளபளப்பும் எடையும் இருள்-ஒளியின் அளவிலிருந்தே பிறக்கின்றன.

இதற்கு மறுதலையாக, இருள்-ஒளி வேறுபாட்டை நீக்கியே பெரும்பயன் கண்ட ஓவியமும் உண்டு. 1872இல் பிரெஞ்சு ஓவியர் மோனே தீட்டிய சூரிய உதயக் காட்சியில் செம்மஞ்சள் சூரியனும் அதைச் சூழ்ந்த சாம்பல் வானமும் ஏறத்தாழ ஒரே ஒளியளவு கொண்டவை. கறுப்பு-வெள்ளைப் படத்தில் சூரியன் கிட்டத்தட்ட மறைந்தே போகிறது. பொருள்களின் இருப்பிடத்தை உணரும் பார்வைப் பகுதி ஒளியளவை மட்டுமே அறிவது என்பதால், அதற்கு அந்தச் சூரியன் பிடிபடுவதில்லை என்றும், சூரியன் நிலைகொள்ளாமல் துடிப்பது போல் தோன்றுவது அதனால்தான் என்றும் நரம்பியல் அறிஞர் மார்கரெட் லிவிங்ஸ்டன் விளக்கியுள்ளார்.

அடுத்த படத்தில் வண்ணத்தைத் தொடுமுன், உள்ளங்கையளவுத் தாளில் வெள்ளை, நடுச்சாம்பல், கறுப்பு என்ற மூன்று அளவுகளால் மட்டும் படத்தை வகுத்துப் பாருங்கள். அந்தச் சிறு படம் நன்றாக இருந்தால் நிறத் தேர்வில் நேரும் சிறு பிழைகளை அது தாங்கிக்கொள்ளும்.

கேள்வி: தட்டில் சரியாகக் கலந்த சாம்பல் நிறம், படத்தில் வைத்ததும் வேறு நிறமாகத் தெரிவது ஏன்?

பதில்: ‘பொன்’னும் ‘குடம்’உம் சேரும்போது ‘பொற்குடம்’ ஆகி, னகரம் றகரமாகத் திரிவதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். நிறங்களுக்கும் அத்தகைய புணர்ச்சி உண்டு. சிவப்புக்கு அருகில் வைத்த சாம்பல் சற்றே பச்சை சாய்ந்து தெரியும்; பச்சைக்கு அருகில் அதே சாம்பல் செம்மை கொள்ளும். பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் தலைவராக இருந்த வேதியியலாளர் செவ்ரலிடம், கறுப்பு நூல் வலுவற்றுத் தெரிகிறது என்ற புகார் வந்தது. அவர் ஆராய்ந்ததில் சாயத்தில் குறை இல்லை என்றும், கறுப்பை ஒட்டி நெய்த நிறங்களே அதன் தோற்றத்தை மாற்றின என்றும் தெரியவந்தது. அந்த ஆய்வின் விரிவை 1839இல் நூலாக வெளியிட்டார். ஆகவே நிறத்தைத் தட்டில் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு துண்டுத் தாளில் தடவி, அது அமர வேண்டிய இடத்தில் வைத்துப் பார்த்த பின்பே தீட்டுங்கள்.

கேள்வி: சமநிலை என்றால் இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1831ஆம் ஆண்டை ஒட்டி வடித்த பேரலை அச்சோவியத்தில் இடப்பக்கம் முழுவதையும் அலை நிரப்பியிருக்க, ஃபூஜி மலை சிறிதாகத் தாழ்ந்து நிற்கிறது. வலப்பக்கத்து வானம் பெரும்பாலும் வெறுமையானது. ஆயினும் படம் சரிந்து விழுவதாகத் தோன்றுவதில்லை. வளைந்து கவியும் அலை பார்வையை மலையின் பக்கமாகத் திருப்புகிறது. அசையாத அந்தச் சிறு முக்கோணத்தில் கண் தங்கிவிடுகிறது. தனித்து நிற்கும் சிறிய பொருள், பரந்த பெரிய பொருளுக்கு ஈடான எடையைப் பெற முடியும். உங்கள் படத்தைக் கண்ணாடியில் இடவலம் மாற்றிப் பார்த்தால், பழக்கத்தால் கண்ணுக்குத் தப்பிய சரிவு உடனே தெரிந்துவிடும்.

கேள்வி: பொருள்களைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை என்ன செய்வது?

பதில்: அதையும் வரைய வேண்டும். டென்மார்க்கின் உளவியலாளர் எட்கர் ரூபின் 1915இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே படம் ஒரு சாடியாகவும், எதிரெதிரே நோக்கும் இரண்டு முகங்களாகவும் மாறி மாறித் தெரியும். ஒன்று பொருளாகும்போது மற்றது பின்புலமாகிவிடும். நாற்காலி ஒன்றை எதிரே வைத்து, அதன் கால்களையும் சட்டங்களையும் மறந்துவிட்டு, அவற்றுக்கு இடையிலுள்ள இடைவெளிகளின் வடிவங்களை மட்டும் வரையுங்கள். எல்லா இடைவெளிகளும் தாளில் வந்து சேரும்போது, நீங்கள் வரையாத நாற்காலி சரியான விகிதத்தில் அங்கே நின்றுகொண்டிருக்கும்.