பாரம்பரியக் கட்டடம் என்றால் கடையைக் காலி செய்ய வேண்டாமா?

கேள்வி: சென்னை ஆண்டர்சன் தெருவில் அப்பா காலத்திலிருந்து அழைப்பிதழ் கடை நடத்துகிறேன். வெள்ளைக்காரன் காலத்து மாடிக் கட்டடம். வாடகை பாக்கி இல்லை. எழுத்தில் ஒப்பந்தமும் இல்லை. மெட்ரோ வந்தபின் மனை விலை ஏறிவிட்டது. இடித்துக் கட்டப்போவதாக உரிமையாளரின் மகன் காலி செய்யச் சொல்கிறார். பாரம்பரியக் கட்டடம் என்று சொல்லித் தடுக்கலாமா?

பதில்: கட்டடத்தை ஒருவேளை காப்பாற்றலாம். கடையைக் காப்பாற்ற அது உதவாது.

அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது வழக்கு வந்தது. 2010-இல் உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்றது. அதற்குக் கைகொடுத்தது நீதிபதி பத்மநாபன் குழுவின் பட்டியல். விளம்பரப் பலகைகள் மறைக்கக் கூடாத கட்டடங்கள் எவை என்று பார்க்கப்போய் உருவான பட்டியல் அது! அதில் உள்ள கட்டடத்தை இடிக்க வேண்டுமானால் சி.எம்.டி.ஏ.வின் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) பாரம்பரியக் குழுவைத் தாண்ட வேண்டும். உங்கள் கட்டடம் அதில் இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். பழையது என்பதாலேயே பட்டியலில் வந்துவிடாது.

சரி, பெயர் இருக்கிறது என்றே வைப்போம். அப்போதும் பழுது பார்க்கக் காலி செய் என்று உரிமையாளர் கேட்கலாம். 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டத்தில் இடிப்பது போலவே பழுது பார்ப்பதும் வெளியேற்ற ஒரு காரணம்தான். வேலை முடிந்து நீங்கள் திரும்பி வர வேண்டுமானால் இருவரும் ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்ற வாய்ப்பேச்சை நம்பிச் சாவியைக் கொடுக்காதீர்கள்.

உங்கள் பெரிய ஓட்டை, ஒப்பந்தம் இல்லாததுதான். அதுவே வெளியேற்ற ஒரு காரணம். எழுதிப் பதிய நான் தயார் என்று இன்றே ஒப்புகை அட்டையோடு கடிதம் அனுப்புங்கள். வாடகையை இனி வங்கி வழியாகவே கொடுங்கள். இரண்டு மாத பாக்கி விழுந்தால் அதுவும் அவருக்கு ஆயுதம். 1921-ஆம் ஆண்டுச் சட்டம் காப்பாற்றும் என்று யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள். அது மனையை வாடகைக்கு எடுத்துத் தானே கட்டடம் கட்டியவருக்கு.

வாடகை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பூட்டுப் போடவோ மின்சாரத்தை நிறுத்தவோ அவருக்கு உரிமை இல்லை. மின்சாரத்தில் கை வைத்தால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். ஆள் கூட்டி வந்து மிரட்டினால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடை கேளுங்கள். பழைய வாடகை ரசீதுகள் பரணில் கிடந்தால் முதலில் அவற்றை எடுத்து வையுங்கள்.