போட்டிக்கு முந்திய வாரம்

அன்புள்ள ஐயா,

நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 800 மீட்டர் ஓடுகிறேன். இம்முறை தடகளப் போட்டியும் பருவத் தேர்வும் அடுத்தடுத்த வாரங்களில் வருகின்றன. காலையும் மாலையும் பயிற்சி, இரவு இரண்டு மணி வரை படிப்பு, நான்கு மணி நேரம் மட்டும் தூக்கம் என்று ஒரு மாதமாகச் சமாளிக்கிறேன். ஆனால் படித்தது எதுவும் மனத்தில் நிற்கவில்லை. ஓட்டத்தை விட்டுவிடலாமா? நல்ல கால அட்டவணை ஒன்று சொல்வீர்களா?

க.

அன்புள்ள க.,

கால அட்டவணை என்னிடம் இல்லை. உங்கள் வகுப்பும் பயிற்சியும் எப்போது என்று அறிந்தவர் நீங்கள்தான். அதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டத்தை விட வேண்டியதும் இல்லை.

நான்கு மணி நேரத் தூக்கத்தை நீங்கள் சற்றுப் பெருமையோடு எழுதியிருப்பதாகத் தோன்றியது. அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. நானும் கல்லூரியில் ஓடியவன். போட்டிக்கு முந்திய நாள் ஒன்பது மணிக்கே படுத்துவிடு என்று பயிற்சியாளர் சொன்னால் தட்டாமல் படுத்தவன். அதே நான் ஒரு தேர்வுக்கு முந்திய இரவு முழுவதும் விழித்துப் படித்துவிட்டுப் போனேன். விடை எந்தப் பக்கத்தில், இடப்புறம் எத்தனையாவது பத்தியில் இருக்கிறது என்பது வரை கண்முன் தெரிந்தது. அங்கே என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் கடைசி மணி அடிக்கும்வரை வரவேயில்லை.

போட்டி நெருங்கும்போது எந்த ஓட்டக்காரரும் பயிற்சியைக் குறைப்பார். ஓடும்போது தளர்ந்த தசை, ஓய்வில்தான் முன்பைவிட வலுப்பெறுகிறது என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் முதன்முதலில் ஓடிய ஆங்கிலேயர் ரோஜர் பானிஸ்டர், 1954 மே 6 அன்று அதை 3 நிமிடம் 59.4 நொடியில் ஓடியபோது அவர் மருத்துவ மாணவர். அன்று காலையிலும் மருத்துவமனைக்குப் போய்விட்டுத்தான் ரயிலேறினார். படிப்பையும் விளையாட்டையும் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் அனைவரும் இதைச் சொல்வார்கள். ஓட்டத்துக்கு முந்திய சில நாட்கள் அவர் ஓடாமல் ஓய்வெடுத்தார் என்பதை ஏனோ விட்டுவிடுவார்கள்.

இதே விதி படிப்புக்கும் உண்டு என்பதை மட்டும் ஏன் ஏற்க மறுக்கிறீர்கள்? பகலில் படித்ததை மூளை நிலைப்படுத்திக்கொள்ளும் வேலையில் முக்கியமான பகுதி தூக்கத்தில் நடக்கிறது. அந்த நேரத்தை வெட்டி எடுத்து இன்னும் இரண்டு அத்தியாயங்களைத் திணிப்பது, போட்டிக்கு முந்திய இரவு மைதானத்தை இருபது முறை சுற்றி வருவதற்குச் சமம். நினைவாற்றலை ஆராய்ந்த ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து சோதித்து 1885இல் வெளியிட்ட நூலில் ஒரு கணக்கு இருக்கிறது: சோதனைக்கு முந்திய நாளில் ஒரேயடியாக 68 முறை சொல்லிப் பார்த்ததால் கிடைத்த பயன், மூன்று நாட்களில் பிரித்து 38 முறை சொன்னபோதே கிடைத்துவிட்டது. ஏறத்தாழ பாதி உழைப்பு மிச்சம். காலையும் மாலையும் மைதானத்துக்குப் போகும் உங்களுக்கு ஒரே மூச்சாக ஆறு மணி நேரம் கிடைக்காது என்பது குறையாகத் தெரிகிறது. பிரித்துப் படிக்க உங்களைவிட வாய்ப்பானவர் வகுப்பில் வேறு யார் இருக்கிறார்கள்? பயிற்சி முடிந்து திரும்பியதும் அரை மணி நேரம், நேற்றுப் படித்ததைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுதிப் பாருங்கள். இரவு இரண்டு மணிக்குக் கண் எரிய வாசிப்பதைவிட அது மேல்.

இன்று பதினோரு மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். அடுத்த கடிதத்தில், 800 மீட்டரை எத்தனை நொடியில் ஓடுகிறீர்கள் என்றும் எழுதுங்கள். இதில் அதை விட்டுவிட்டீர்கள்.