அம்மாவின் குரலையே ரிங்டோனாக வைக்க முடியுமா?

அம்மா உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதைப் பதிவு செய்து ரிங்டோனாக வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வைக்கலாம்.

ஆண்ட்ராய்டில் வேலை சுலபம். ரெக்கார்டரில் பதிவு செய்து, வேண்டிய துண்டை மட்டும் வெட்டி, ரிங்டோன்ஸ் ஃபோல்டரில் போடுங்கள். செட்டிங்ஸில் சவுண்ட் பகுதிக்குப் போனால் பட்டியலில் இருக்கும். ஐபோனில் கராஜ்பேண்ட் ஆப் வழியாகச் செய்யலாம், 30 நொடிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

எங்கே வெட்டுகிறோம் என்பதுதான் முக்கியம். நான் ராயபுரத்துக்காரன். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் விடும் குரலைப் பதிவு செய்து வைத்திருந்தேன். வீட்டில் கணீரென்று கேட்டது. தண்டையார்பேட்டை பஸ்ஸில் போகும்போதோ காதிலேயே விழவில்லை. காரணம், முதல் நான்கு நொடியும் வெறும் கூட்ட இரைச்சல். அதை வெட்டிவிட்டு, ஏலக்காரர் வாய் திறக்கும் இடத்திலிருந்தே தொடங்க வைத்தேன். இப்போது ஒரு அழைப்பும் தவறுவதில்லை.

கானா வைக்க ஆசையா? போனின் குட்டி ஸ்பீக்கரில் டோலக்கின் அடித்தொனி எழும்பாது. பாடுகிறவர் குரல் உச்சத்துக்குப் போகும் வரியை எடுங்கள்.

அம்மா குரலைப் பதிவு செய்யும்போது ஃபேனை அணைத்துவிடுங்கள். அவருக்குத் தெரியாமல், அடுப்படியிலிருந்து இயல்பாகக் கூப்பிடும்போது பிடித்தால் இன்னும் நல்லது. பதிவு செய்ததும் அவரிடம் போட்டுக் காட்டுங்கள்.