கார் கதவு பீடிங் ஓசோனில் வெடிக்காமல் இருக்க காம்பவுண்டில் என்ன சேர்க்கலாம்?

கேள்வி: வள்ளியூர் பக்கம் சின்ன ரப்பர் யூனிட் வைத்திருக்கிறேன். குலசேகரத்தில் இருந்து ஷீட் ரப்பர் எடுத்து கார் கதவு பீடிங் (கதவு ஓரத்து ரப்பர் பட்டை) போடுகிறோம். சில மாதத்திலேயே மூலைகளில் வெடித்துவிடுகிறது. வாக்ஸ், 6பிபிடி என்ற ஓசோன் தடுப்பு கெமிக்கல் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாகிவிட்டது. வேறு என்ன கெமிக்கல் போடலாம்?

பதில்:

கெமிக்கலை மாற்றிப் பிரயோஜனம் இல்லை. ரப்பரையே மாற்றுங்கள். கதவு பீடிங்குக்கு ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர்தான்; உலகம் முழுக்க கார் கம்பெனிகள் பெரும்பாலும் அதைத்தான் போடுகின்றன.

நான் காம்பவுண்டிங் வேலையில், அதாவது ரப்பரோடு கெமிக்கல்களைக் கலக்கும் வேலையில், இருப்பவன். பாளையங்கோட்டையில் இருந்து நாகர்கோவில் வரை எந்த யூனிட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சுதான்: "அண்ணாச்சி, மலைக்கு அந்தப் பக்கம் ரப்பர் தோட்டத்தை வச்சுக்கிட்டு பெட்ரோலியம் ரப்பரை எதுக்கு வாங்கணும்?" நியாயமான கேள்விதான். ஆனால் இயற்கை ரப்பரின் சங்கிலி நெடுக, ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. ஓசோன் வந்து வெட்டுவது அங்கேதான். ஈபிடிஎம்மிலும் இரட்டைப் பிணைப்பு உண்டு, ரப்பரை வேகவைத்து இறுக்கும் கந்தகம் பிடிக்க அது வேண்டும்; ஆனால் அது முதுகெலும்பில் இல்லை, பக்கத்தில் தொங்கும் கிளையில் இருக்கிறது. கிளை போனாலும் சங்கிலி அறாது.

முதலில் உங்களுடையது ஓசோன் வெடிப்புதானா என்று பாருங்கள். ஒரு லென்ஸ் போதும். ரப்பர் இழுபட்டு நிற்கும் திசைக்குக் குறுக்கே கோடு கோடாக வெடித்திருந்தால் ஓசோன். திசையே இல்லாமல் வலை மாதிரி பரவியிருந்தால் பெரும்பாலும் வெயில். இழுபடாத இடத்தில் ஓசோன் வெடிப்பு வராது; அதனால்தான் நீளப் பகுதி நன்றாக இருக்கும்போதே மூலை போகிறது. ஒரு வேடிக்கையும் உண்டு: அதிகமாக இழுபட்ட இடத்தில் வெடிப்புகள் நிறைய, ஆனால் மயிரிழைதான். கொஞ்சமாக இழுபட்ட இடத்தில் எண்ணிக்கை குறைவு, ஒவ்வொன்றும் ஆழமாக இறங்கும். தண்ணீர் உள்ளே வருவது இந்த இரண்டாம் ரகத்தால்தான்.

"நம்ம ஊர்ல ஏதுய்யா ஓசோன், அது மெட்ராஸ்ல இருக்கும்" என்பதையும் நம்ப வேண்டாம். வண்டிப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகள் மேல் வெயில் பட்டு ஓசோன் உண்டாகிறது. ஊருக்குள் புதிதாக வரும் புகையே அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். காற்று போகிற பக்கத்துக் கிராமத்தில் சில சமயம் ஊரைவிட அதிகமாகவே இருக்கும். கூடவே காற்றின் வேகம். ரப்பர் மேல் பட்ட ஓசோன் தீர்ந்தால், அடுத்ததைக் காற்றுதான் கொண்டுவர வேண்டும். காவல்கிணறு, பணகுடி பக்கம் ஆடிக் காற்று அந்த வேலையைக் குறையில்லாமல் செய்யும்.

இனி நீங்கள் சேர்த்த இரண்டும் ஏன் நிற்கவில்லை என்று பார்ப்போம். வாக்ஸ் ரப்பருக்குள் இருந்து மேலே வந்து படலமாகப் படிய வேண்டும். சாதாரண பாரஃபின் வாக்ஸ் நம்ம சித்திரை வெயிலில் திரும்ப ரப்பருக்குள்ளேயே கரைந்துவிடும். வெக்கைக்கு மைக்ரோகிரிஸ்டலின் வாக்ஸ் கலந்தால் கொஞ்சம் தேவலை. ஆனால் கதவைத் திறந்து மூடும்போது படலம் உடையும், உடைந்த கீற்றிலேயே ஓசோன் மொத்தமாகப் பாயும். வாக்ஸே போடாததைவிட மோசமாகிற நேரமும் உண்டு. அசையாமல் கிடக்கும் ரப்பருக்குத்தான் வாக்ஸ்.

6பிபிடி அசைவிலும் காப்பாற்றும், அதனால்தான் டயரில் போடுகிறார்கள். ஆனால் அது ரப்பரை விட்டு வெளியே நகர்ந்து, வெள்ளை பெயிண்ட் மேல் பழுப்புக் கறையாக இறங்கும். கதவு பீடிங்குக்கு இது ஒன்றே போதும் வேண்டாம் என்று சொல்ல. (அது ஓசோனுடன் சேர்ந்து உண்டாகும் 6பிபிடி-குவினோன் என்ற பொருள்தான் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020-ல் கண்டுபிடித்தார்கள். அது தனிக் கதை.)

சரி, ஈபிடிஎம் காம்பவுண்டுக்கு வருவோம். ரப்பர் 100 பங்கு என்றால் என்550 ரக கார்பன் பிளாக் 100, வொயிட்டிங் (சுண்ணாம்புக்கல் பொடி) 40, பாரஃபினிக் ஆயில் 60, ஜிங்க் ஆக்சைடு 5, ஸ்டியரிக் ஆசிட் 1, கந்தகம் 1.5, எம்பிடி 1.5, டிஎம்டிடி 0.8, அதோடு ஜிங்க் டைதயோகார்பமேட் வகை ஒன்று (கடைசி மூன்றும் ஆக்சிலரேட்டர்கள், அதாவது ரப்பரைச் சீக்கிரம் வேகவைப்பவை). இது தொடங்குவதற்கான கணக்குதான். கடினத்தை ஆயிலையும் பிளாக்கையும் கூட்டிக் குறைத்து நீங்கள் பிடிக்க வேண்டும். கார்பன் பிளாக் வெயிலையும் தடுக்கும். ஆக்சிலரேட்டரை ஒரே வகையில் அள்ளிப் போட்டால் பீடிங் மேல் சாம்பல் பூத்துவிடும், அதனால் பல வகையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடுங்கள். அரோமாடிக் ஆயில் மலிவு என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். ஈபிடிஎம்மோடு அது ஒத்துப்போகாது.

ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தக் கலத்தில்) வேகவைத்தால் இவ்வளவு போதும். சூடான காற்றில் அழுத்தம் இல்லாமல் க்யூர் செய்வதென்றால், அதாவது வேகவைப்பதென்றால், கால்சியம் ஆக்சைடு 6 முதல் 8 பங்கு சேருங்கள். இல்லாவிட்டால் காம்பவுண்டில் உள்ள ஈரம் ஆவியாகி பீடிங் முழுக்கப் பொத்தல் விழும். அந்த முறையில் கந்தகத்துக்குப் பதில் பெராக்சைடு போடும் க்யூரும் வேண்டாம், காற்றில் உள்ள ஆக்சிஜனால் மேல்பரப்பு பிசுபிசுவென்று நின்றுவிடும்.

விலை கட்டாது என்பீர்கள். மேலே உள்ளதைக் கூட்டிப் பாருங்கள், 310-ஐத் தாண்டும். அதில் ஈபிடிஎம் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு பிளாக்கையும் ஆயிலையும் இயற்கை ரப்பரில் திணித்தால் அது ரப்பராகவே இருக்காது. ரப்பர் கிலோவுக்கு என்ன விலை என்று பார்க்காமல், காம்பவுண்டின் அடர்த்தியையும் சேர்த்து, ஒரு மீட்டர் பீடிங் என்ன அடக்கம் என்று போடுங்கள்.

ஷீட் ரப்பரை விட மனசே வரவில்லை என்றால் கலப்புக்கு ஒரு வழி உண்டு. மொத்த ரப்பரில் நூற்றுக்குக் குறைந்தது 30 பங்காவது ஈபிடிஎம் இருக்க வேண்டும், அதுவும் நன்றாகப் பரவியிருக்க வேண்டும். வெள்ளை சைட்வால் டயரில் இந்த வித்தை பழையது. சிக்கல் என்னவென்றால் கந்தகமும் ஆக்சிலரேட்டரும் இயற்கை ரப்பர் பக்கமே ஓடும், ஈபிடிஎம் அரைவேக்காடாக நிற்கும். இஎன்பி (ஈபிடிஎம்மில் கந்தகம் பிடிக்கும் அந்தக் கிளை) அதிகமுள்ள கிரேடு கேட்டு வாங்கினால் ஓரளவு சமாளிக்கலாம். என்னைக் கேட்டால் சின்ன யூனிட்டுக்கு இந்தத் தலைவலி வேண்டாம்.

பெட்ரோல் டேங்க் மூடிக்கும் இதே காம்பவுண்டைப் போட்டுவிடாதீர்கள், ஊதிப் போய்விடும். அங்கே நைட்ரைல் ரப்பரும் பிவிசியும் 70க்கு 30 கலந்தது எண்ணெயையும் தாங்கும், ஓசோனையும் தாங்கும். வெறும் நைட்ரைல் ஓசோனில் வெடிக்கும்.

ஆர்டர் எடுக்கும்போது ஐஎஸ்ஓ 1431 என்ற ஓசோன் சோதனை ரிப்போர்ட் கேட்பார்கள். வழக்கமாகக் கேட்பது, 20 சதவீதம் இழுத்து, 40 டிகிரியில், பத்துக் கோடியில் 50 பங்கு ஓசோனில் 72 மணி நேரம் வைத்து, 7 மடங்கு லென்ஸில் வெடிப்பு தெரியக்கூடாது என்பது. அதற்கு ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். ஆனால் அனுப்பும் முன்பு பணம் செலவில்லாமல் ஒரு வடிகட்டல் செய்யலாம். உங்கள் பழைய காம்பவுண்டில் ஒரு பட்டை, புதியதில் ஒரு பட்டை, இரண்டையும் 10 செ.மீ.யை 12 செ.மீ.யாக இழுத்து ஒரே மரச்சட்டத்தில் ஆணி அடித்து, மொட்டை மாடியில் நிழலும் காற்றும் உள்ள இடத்தில் தொங்கவிடுங்கள். பழையது வெடித்த பிறகும் புதியதை லென்ஸில் விடாமல் பாருங்கள், குறிப்பாக வெட்டிய ஓரங்களில். அப்புறம், தயாரான பீடிங் மூட்டைகளை வெல்டிங் போடும் இடத்துக்குப் பக்கத்தில் அடுக்காதீர்கள். வெல்டிங் ஆர்க்கின் ஒளியிலும் ஓசோன் உண்டாகும்.