தனி உலை வைக்க வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 41. உயரம் 156 செ.மீ., எடை 74 கிலோ. கணவர், மாமியார், ப்ளஸ் ஒன் படிக்கும் மகள், நான் என வீட்டில் 4 பேர். போனில் வந்த டயட் சார்ட்டைப் பார்த்து, எனக்கு மட்டும் ஓட்ஸ், சாலட் என்று இரண்டு மாதம் இருந்தேன். 4 கிலோ குறைந்தது. விட்டதும் 5 கிலோ ஏறிவிட்டது. காலையில் டீயும் இரண்டு பிஸ்கட்டும்தான். எல்லா வேலையும் முடிந்து மூன்று மணிக்குத்தான் சோறு. இரவு எல்லாருக்கும் தோசை ஊற்றிவிட்டுக் கடைசியில் சாப்பிடுவேன். மாதம் 5 லிட்டர் எண்ணெய் ஆகிறது. சிறுதானியத்துக்கு மாறினால் எடை குறையுமா? கடைசிவரை கடைப்பிடிக்கிற மாதிரி ஒரு டயட் சொல்லுங்கள். அடுத்த மாதம் மகளுக்குப் பிறந்தநாள், பாயசத்தைத் தொடலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்களுக்கு மனவுறுதி போதாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வீடு முழுக்கச் சாம்பார் தாளிக்கிற வாசனை. நீங்கள் அடுப்போரம் நின்று ஓட்ஸ் கிண்டிக் குடித்திருக்கிறீர்கள். அதையும் இரண்டு மாதம் செய்து 4 கிலோ குறைத்திருக்கிறீர்கள். மூன்று பேருக்கு ஒரு சமையல், தனக்கு ஒரு சமையல் என்று வருஷக்கணக்கில் ஓட்ட யாராலும் முடியாது. அதனால் இந்த முறை தனி உலை வேண்டாம். எல்லாரும் சாப்பிடுகிற சாப்பாட்டையே கொஞ்சம் திருத்தி, அதிலிருந்து உங்கள் டயட்டை எடுப்போம்.

முதலில் எண்ணெய். மாதம் 5 லிட்டரை 4 பேருக்குப் பங்கு போட்டால், ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 42 மில்லி. அதாவது 38 கிராம், ஏறக்குறைய 340 கலோரி. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2000 கலோரி சாப்பாட்டுக்கே 27 கிராம்தான் சொல்கிறது. உங்களுக்கு அதைவிடக் குறைவாகவே போதும். இந்த மாதம் 3 லிட்டர் வாங்குங்கள். காலையில் 100 மில்லியை அளந்து ஒரு கிண்ணத்தில் ஊற்றி வையுங்கள். இரவு கடைசித் தோசை வரைக்கும் அந்தக் கிண்ணம்தான். டின்னைத் திரும்பத் தொடக் கூடாது.

ருசி போய்விடுமே, மாமியார் என்ன சொல்வாரோ என்று தோன்றும். அகல வாணலியில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டால் அது பரவி ஓடிவிடும். கடுகு வெடிக்காமல் கருகும். உடனே கை இன்னும் ரெண்டு ஸ்பூன் ஊற்றும். சின்னத் தாளிப்புக் கரண்டியில் அதே ஒரு ஸ்பூன் குழியில் தேங்கி நிற்கும். கடுகு முங்கி நன்றாகப் பொரியும். வாசனைக்கும் குறைவிருக்காது. பொரியலைத் தண்ணீர் தெளித்து மூடி வேகவைத்து, கடைசியில் இப்படித் தாளித்துக் கொட்டுங்கள். தோசைக்கல்லில் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தாலே போதும். நம் பாட்டிமார் செய்ததுதானே.

அடுத்து காய். கால் கிலோ பீன்ஸ் வாங்கி நாலு பேருக்குப் பொரியல் செய்கிற வீடுகள்தான் அதிகம். ஆளுக்கு 60 கிராம்கூடத் தட்டில் விழாது. அதே வழிகாட்டி கீரையும் காயுமாக ஒரு ஆளுக்கு நாளைக்கு 400 கிராம் சொல்கிறது. உருளைக்கிழங்கு இதில் சேராது. ஒரேயடியாக அங்கே போக வேண்டாம். இப்போது வாங்குவதை இரண்டு மடங்காக்குங்கள். புடலை, பீர்க்கை, சுரை, முட்டைக்கோஸ், முருங்கைக்கீரை என்று எது மலிவோ அது. தட்டில் முதலில் காய் பாதி இடத்தைப் பிடிக்கட்டும், அப்புறம் சோறு. வடித்த சோறு 150 கிராம் என்றால் 200 கலோரிக்குப் பக்கம். ஒரே ஒரு நாள் தராசில் நிறுத்துப் பாருங்கள், பிறகு உங்கள் கரண்டிக்கே கணக்குத் தெரிந்துவிடும்.

சிறுதானியம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சாமை, வரகு, அரிசி எல்லாமே 100 கிராமுக்கு 350 கலோரியை ஒட்டித்தான் இருக்கும். பட்டை தீட்டாத சாமையில் நார்ச்சத்து கூடுதல், வயிறு சீக்கிரம் நிறையும், அது நல்லதுதான். ஆனால் சிறுதானியம்தானே என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டால் எடை குறையாது.

சாம்பாரை மேலாக ஊற்றிக்கொள்ளாமல், அடியிலிருந்து அள்ளுங்கள். பருப்பு அங்கேதான் கிடக்கிறது. கெட்டியானது கணவருக்கும் மகளுக்கும் போய், கடைசியில் சாப்பிடுகிற உங்களுக்கு மிஞ்சுவது புளித்தண்ணீர் என்றுதான் நினைக்கிறேன். புரதம் குறைந்தால் பசி அடங்காது. தினம் ஒரு முட்டை, அல்லது ஒரு கிண்ணம் சுண்டல், வாரத்தில் இரண்டு நாள் மீன் குழம்பு, இரவில் மோர் என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

காலையில் பிஸ்கட்டை விட்டுவிட்டு மூன்று இட்லி, கெட்டிச் சாம்பாரோடு. ஒரு மணிக்கு மாமியாரோடு உட்கார்ந்து மதியச் சாப்பாடு. மூன்று மணி வரை காய்ந்த வயிறு சோற்றை அளந்து கேட்காது. இரவு தோசை உங்களுக்கு இரண்டு. வாரத்தில் நாலு நாளாவது அது அடையாகவோ பாசிப்பயறு தோசையாகவோ இருக்கட்டும். அப்புறம், மகளுக்குப் பதினாறு வயது இருக்குமே. தோசை ஊற்றக் கற்றுக்கொடுங்கள். ஒரு நாளாவது உங்கள் தட்டில் சுடச்சுட விழட்டும். அவள் மிச்சம் வைத்த அரைத் தோசையை, வீணாகிறதே என்று அடுப்படியில் நின்றபடி வாயில் போடுகிற பழக்கம் உண்டுதானே? கேட்காமலே சொல்கிறேன், நானும் அடுப்படிக்காரிதான். அதற்குச் சின்னத் தோசையாக ஊற்றுவதுதான் வழி.

தொடங்கும் முன் ஒரு வாரம், வாய்க்குள் போகிற எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள், அந்த அரைத் தோசை உட்பட. எந்த நேரத்தில் கை நீள்கிறது என்று அதில் தெரியும். அந்த நேரத்துக்கு என்ன வைத்துக்கொள்வது என்று நீங்களே முடிவு செய்வீர்கள். எனக்கு உங்கள் வீடு தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

முதல் இலக்கு 70 கிலோ. வாரம் அரைக் கிலோ இறங்கினாலே நல்ல வேகம். சில வாரம் முள் அசையாது, பயப்படாதீர்கள். வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். இடுப்பையும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. தைராய்டு, சர்க்கரை இரண்டுக்கும் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். சர்க்கரை மாத்திரை எடுப்பவராக இருந்தால், டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம்.

பாயசம் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஒரு கிண்ணம், எல்லாரோடும் உட்கார்ந்து, மெதுவாக. வைக்கும்போதே நாலு பேருக்கு நாலு கிண்ணம் வருகிற அளவுக்கு மட்டும் வையுங்கள். பாத்திரத்தில் மிச்சம் இருந்தால் மறுநாள் காலையில் அது யார் வாய்க்குப் போகும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மகளுக்கு என் வாழ்த்தையும் சொல்லுங்கள்.