சரக்கு தீர்ந்தவர்களின் ஆல்பமா?

கேள்வி: மின் கிட்டார் முழக்கத்தையே நம்பியிருக்கும் ஹார்ட் ராக் குழுக்கள் 'அகௌஸ்டிக் லைவ்' (மின்சாரம் இல்லாத சாதாரணக் கிட்டாரோடு மேடையில் வாசித்துப் பதிவது) ஆல்பம் வெளியிடுவது, புதிய பாட்டுக்குச் சரக்கு இல்லாதபோது பழைய பாட்டையே அடக்கி வாசித்துக் காசு பார்க்கும் தந்திரம்தானே? டெஸ்லா குழுவின் 'ஃபைவ் மேன் அகௌஸ்டிக்கல் ஜாம்' முதற்கொண்டு எல்லாமே அந்த ரகம்தான். மின் கிட்டாரைக் கீழே வைத்த பிறகு அதை ஹார்ட் ராக் என்று எப்படிச் சொல்வது? (வாசகர், கோவை)

பதில்: குற்றச்சாட்டில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் அதற்கு நீங்கள் கூண்டில் ஏற்றியிருக்கும் ஆள் தவறான ஆள்.

டெஸ்லா குழுவினர் பிலடெல்பியாவின் ட்ரோகடேரோ அரங்கில் அந்தக் கச்சேரியைப் பதிவு செய்தது 1990 ஜூலை 2ஆம் தேதி. கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவிலிருந்து கிளம்பிய அந்த ஐவரும் அப்போது வளர்ந்துகொண்டிருந்தவர்கள். 1986இல் முதல் ஆல்பம், 1989இல் இரண்டாவது. அந்த இரண்டாவதில் உள்ள 'லவ் சாங்' 1990இன் தொடக்கத்தில்தான் அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசைப் பட்டியலில் பத்தாம் இடத்தை எட்டியிருந்தது. மோட்லி க்ரூவின் பெருங்கச்சேரிகளுக்கு முன்னால் வாசிக்கும் குழுவாக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தவர்கள், இடையில் ஓய்வு கிடைத்த நாட்களில் சிறிய அரங்குகளில் அகௌஸ்டிக் கிட்டாரோடு உட்கார்ந்து வாசித்துப் பார்த்ததன் விளைவே இந்த ஆல்பம். எம்.டி.வி. தொலைக்காட்சியில் கலைஞர்கள் அகௌஸ்டிக் கருவிகளோடு வாசிக்கும் 'அன்பிளக்ட்' நிகழ்ச்சி தொடங்கி அப்போது ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. எரிக் கிளாப்டனின் 'அன்பிளக்ட்' ஆல்பம் 1992இல் வந்து விற்பனையில் சக்கைப்போடு போட்டு, மற்றவர்களுக்கும் ஆசை காட்டியதெல்லாம் அதற்குப் பிந்திய கதை. சரக்கு தீர்ந்திருந்தால், அடுத்த ஆண்டே முழு மின்சார முழக்கத்தோடு 'சைக்கோடிக் சப்பர்' எப்படி வந்தது என்பதையும் நீங்கள்தான் விளக்க வேண்டும்.

இனி, மின் கிட்டார் இல்லாமல் ஹார்ட் ராக் உண்டா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பேச வேண்டிய விஷயம் அதில்தான் இருக்கிறது. ஆம்ப்ளிஃபையரை அதன் எல்லைக்கு மேல் முடுக்கும்போது எழும் கரகரப்பைத்தான் டிஸ்டார்ஷன் என்கிறோம். அது ஒலியைப் பெருக்குவதோடு நிற்பதில்லை: மெல்லத் தட்டிய தந்திக்கும் ஓங்கித் தட்டிய தந்திக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைத்துவிடுகிறது, ஒருமுறை மீட்டிய ஒலியை நெடுநேரம் அறுந்துபோகாமல் இழுத்துப் பிடிக்கிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு. ஹார்ட் ராக் கிட்டார் கலைஞர்கள் பெரிதும் நம்பியிருக்கும் 'பவர் கார்டு' (கார்டு என்றால் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) என்பதில் ஸட்ஜமமும் பஞ்சமமும் மட்டுமே இருக்கும். இடையில் காந்தாரத்தைச் சேர்த்தால் டிஸ்டார்ஷனில் அது கலங்கிக் கூழாகிவிடும் என்பதால் அதை விட்டுவிடுவார்கள். மேற்கத்திய இசையின் இரு அடிப்படை வகைகளில் மேஜரா மைனரா என்று தீர்மானிக்கிற அந்த ஒரு சுரம் இல்லாமலே ஒரு பாட்டு முழுவதையும் ஓட்டிவிட முடியும். கேட்பவருக்கும் குறை தெரியாது.

அகௌஸ்டிக் கிட்டாரில் இந்த வசதி கிடையாது. மீட்டிய ஒலி சில நொடிகளில் தேய்ந்துவிடுவதால் வலது கை ஓயாமல் தாளத்தை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்; வெறும் ஸட்ஜம பஞ்சமம் சப்பென்று இருக்கும் என்பதால் முழு கார்டையும் வாசித்தாக வேண்டும். பாட்டுக்குள் மெட்டு என்று ஒன்று இருக்கிறதா, இல்லை சத்தத்தை வைத்துச் சமாளித்தார்களா என்ற குட்டு அங்கே உடைந்துவிடும். ஆக, சரக்கு இல்லாதவன் ஒளிந்துகொள்ள இதைவிட மோசமான இடம் வேறில்லை. டெஸ்லாவின் முதல் ஆல்பத்தில் கனமாக ஒலித்த 'மாடர்ன் டே கவ்பாய்' இந்தச் சோதனையில் தேறுகிறது. குழுவின் கிட்டார் கலைஞர்கள் ஃபிராங்க் ஹேனனும் டாமி ஸ்கியோக்கும் இரண்டு கிட்டார்களையும் ஒன்றன் இடைவெளியில் மற்றொன்றாகக் கோத்து வாசிப்பது, மின் கிட்டார்ப் பதிவில் இந்த அளவுக்குத் தெளிவாகக் காதில் விழுவதில்லை. பாடகர் ஜெஃப் கீத்தின் கரகரத்த குரலும் ஆம்ப்ளிஃபையரோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியம் நீங்கியதும் சொற்களைப் பிரித்து உச்சரிக்கத் தொடங்கிவிடுகிறது.

அந்த ஆல்பத்தின் பெரிய வெற்றி 'சைன்ஸ்' (Signs, அறிவிப்புப் பலகைகள்). அது அவர்கள் பாட்டன்று. 1971இல் கனடாவின் ஃபைவ் மேன் எலக்ட்ரிக்கல் பேண்ட் பாடிப் புகழ்பெற்றது. (ஆல்பத்தின் பெயரே அந்தக் குழுவின் பெயரைச் சீண்டுவதுதான்.) நீண்ட முடிக்காரனுக்கு வேலை இல்லை என்று பலகை மாட்டியவர்களைக் கிண்டல் செய்யும் அந்தப் பாட்டை, தோள்வரை முடி வளர்த்த ஐவர் பாடியதும் அது பில்போர்டில் எட்டாம் இடம் வரை சென்றது. எல்லாமே இந்தத் தரத்தில் இருக்கிறது என்று நான் வாதாடப் போவதில்லை. பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ் பாடல்களை எடுத்து வாசிக்கும் இடங்களில் நண்பர்கள் கூடி அரட்டை அடிக்கிற தளர்ச்சி தெரிகிறது. கடைசியில் வரும் 'பூகி' என்ற துள்ளல் தாள வாசிப்பைப் பாதியில் நிறுத்தியிருந்தாலும் யாரும் வருந்தியிருக்க மாட்டார்கள்.

மின்சாரத்தைத் துறப்பது என்பதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். எல்லாமே மைக் வழியாகத்தான் வருகிறது. நிர்வாணா குழு 1993 நவம்பரில் நியூயார்க்கில் செய்த 'அன்பிளக்ட்' பதிவில் அதன் பாடகர் கர்ட் கோபேன் தன் அகௌஸ்டிக் கிட்டாரையே ஆம்ப்ளிஃபையர் வழியாகத்தான் வாசித்தார். அந்த மேடையில் உண்மையில் கட்டுப்பட்டது டேவ் குரோலின் டிரம்ஸ். கட்டைகளுக்குப் பதில் பிரஷ் கொண்டு தட்டியதால்தான் மற்றவர்கள் வாசித்தது நம் காதுக்கு எட்டியது.

வணிகக் கணக்கோடு நடந்த கச்சேரி வேண்டுமென்றால் கிஸ் குழுவைப் பாருங்கள். 1995 ஆகஸ்டில் நடந்த அவர்களுடைய 'அன்பிளக்ட்' பதிவில், குழுவை விட்டுப் போயிருந்த ஏஸ் ஃப்ரேலியும் பீட்டர் கிரிஸ்ஸும் வந்து சேர்ந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டே பழைய நால்வரும் முகப்பூச்சோடு உலகச் சுற்றுப்பயணம் கிளம்பிவிட்டார்கள். அந்தக் கச்சேரியைப் பயணத்துக்கான வெள்ளோட்டம் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

டெஸ்லாவையே குறை சொல்லித் தீர வேண்டும் என்றாலும் வழி இருக்கிறது. 2019இல் லண்டனின் ஆபி ரோடு ஸ்டுடியோவில் அதே பாணியில் மறுபடி வாசித்து, மறு ஆண்டு 'ஃபைவ் மேன் லண்டன் ஜாம்' என்று ஏறக்குறைய அதே பெயரில் வெளியிட்டார்கள். நீங்கள் அந்த ஆல்பத்தைக் குறிப்பிட்டு எழுதியிருந்தால், கேள்வியின் முதல் பாதியோடு நான் சண்டைக்கு வந்திருக்க மாட்டேன்.